கூலன்ட்டில் கலக்கும் சேர்மம் எஞ்சின் வெப்பநிலையைக் குறைக்குமா?

டர்போ பொருத்திய உங்கள் காரைப் பந்தயத் தடத்தில் முழு வேகத்தில் ஓட்டும்போது, சில சுற்றுகளுக்குள்ளேயே எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலை 115 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடுகிறது, அதன் பிறகு எஞ்சினின் இழுப்பு குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு குப்பிச் சேர்மத்தைக் கூலன்ட்டோடு கலந்தால் 10 முதல் 15 டிகிரி வரை குறையும் என்று பலர் சொல்கிறார்களே, அது உண்மையா, அதனால் எஞ்சினுக்குக் கேடு ஏதும் வருமா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. அந்தச் சேர்மம் எஞ்சினின் உலோகச் சூட்டைக் குறைக்குமா என்பது ஒன்று. டாஷ்போர்டில் தெரியும் எண்ணைக் குறைக்குமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு 'சில நிலைகளில், சில இடங்களில், ஆம்' என்று விடை சொல்லலாம். இரண்டாவதற்கு, நீங்கள் எதிர்பார்க்கும் அளவில், 'இல்லை' என்பதே விடை. வெப்பப் பரிமாற்றத்தைப் பாடமாகப் படித்து, எஞ்சின் சோதனைக் கூடங்களில் குளிர்விப்பு அமைப்புகளோடு நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில், இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை விளக்க முயல்கிறேன்.

முழுச் சுமையில் ஓடும் பெட்ரோல் எஞ்சினில், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை கூலன்ட்டுக்குள் வெப்பமாக இறங்குகிறது. அந்த வெப்பம் சிலிண்டர் சுவரிலிருந்தும் சிலிண்டர் ஹெட்டிலிருந்தும் திரவத்துக்குப் போகிறது. திரவத்திலிருந்து ரேடியேட்டர் குழாயின் சுவருக்கும், அங்கிருந்து மெல்லிய தகடுகள் வழியாகக் காற்றுக்கும் போகிறது. எஞ்சின் தரும் வெப்பத்தின் அளவை முடிவுசெய்வது நீங்கள் மிதிக்கும் ஆக்ஸிலரேட்டரும் எஞ்சினின் சுழல்வேகமும்தான். கூலன்ட்டில் என்ன கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அது பெரிதாக மாறுவதில்லை. ஆகவே, நிலைத்த ஓட்டத்தில், எஞ்சினிலிருந்து எவ்வளவு வெப்பம் வருகிறதோ அவ்வளவையும் ரேடியேட்டர் வெளியேற்றியே ஆக வேண்டும். வெளியேற்ற முடியாவிட்டால் கூலன்ட் மேலும் சூடாகும். காற்றுக்கும் கூலன்ட்டுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு போதிய அளவு பெருகும்வரை அந்த ஏற்றம் தொடரும். உங்கள் மீட்டரில் தெரியும் 115 என்ற எண், அந்தச் சமநிலை எங்கே அமைந்தது என்பதையே சொல்கிறது.

இனிச் சேர்மத்துக்கு வருவோம். ரெட் லைன் நிறுவனத்தின் வாட்டர் வெட்டர் போன்ற பொருள்களில் இருப்பது பெரும்பாலும் இரண்டு வகைச் சரக்கு: திரவத்தின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் ஈரமாக்கி ஒன்று, அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் மற்றொன்று. அறை வெப்பநிலையில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். 100 டிகிரியில் அது சுமார் 59 ஆகக் குறைகிறது. ஈரமாக்கி இதை மேலும் இறக்குகிறது. இதனால் என்ன பயன் என்பதைப் புரிந்துகொள்ள, சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவிலும் ஸ்பார்க் பிளக்கைச் சுற்றியும் உள்ள குறுகலான பகுதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே உலோகத்தின் பரப்பு, கூலன்ட்டின் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகிறது. பரப்பை ஒட்டி நுண்ணிய ஆவிக்குமிழிகள் தோன்றி, பிரிந்து, சற்றே குளிர்ந்த திரவத்துக்குள் போனதும் மறைந்துவிடுகின்றன. இந்தக் கொதிப்பு தீயதன்று. வெப்பத்தை மிக விரைவாக எடுத்துச் செல்லும் வழி அது, வடிவமைப்பாளர்கள் இதை அறிந்தே அனுமதிக்கிறார்கள். குமிழிகள் பிரியாமல் ஒன்றுசேர்ந்து ஆவிப்போர்வையாகப் படியும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அப்போது திரவம் உலோகத்தைத் தொடுவதே நின்றுபோய், அந்த இடம் மட்டும் மிகவும் சூடேறுகிறது. பரப்பு இழுவிசை குறைந்தால் குமிழிகள் சிறியவையாக இருக்கும், விரைவில் பிரியும், திரவம் மீண்டும் உலோகத்தை நனைக்கும் என்பதே இந்தச் சேர்மத்தின் அடிப்படை. இந்த இயற்பியலில் தவறில்லை.

ஆனால் இதெல்லாம் நடப்பது எஞ்சினுக்குள். ரேடியேட்டருக்குள் கொதிப்பே இல்லை. அங்கே கூலன்ட் திரவமாகவே வந்து திரவமாகவே போகிறது. குழாயின் உட்சுவர் ஏற்கெனவே முழுக்க நனைந்திருக்கிறது. குமிழியே இல்லாத இடத்தில் பரப்பு இழுவிசைக்கு வேலை ஏதும் இல்லை. எனவே, சேர்மம் தன் வேலையைச் சரியாகவே செய்தாலும், எக்ஸாஸ்ட் வால்வுக்கு அருகில் உள்ள உலோகத்தின் வெப்பநிலை சில டிகிரி இறங்கலாமே தவிர, மீட்டரில் தெரியும் கூலன்ட் வெப்பநிலை அதே இடத்தில்தான் நிற்கும். பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்: சேர்மம் 'வெப்பத்தைக் கூடுதலாக எடுக்கிறது' என்றால் எண் குறைய வேண்டும் என்று எண்ணுகிறார்கள். கூலன்ட் கூடுதல் வெப்பத்தை எடுத்தால், அதையும் ரேடியேட்டர்தான் வெளியேற்ற வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ரேடியேட்டர் பக்கத்தில் ஏதோ ஓரளவு முன்னேற்றம் கிடைக்கிறது என்றே தாராளமாக வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். ரேடியேட்டரில் வெப்பம் கடந்து போவதற்கு உள்ள தடையின் பெரும்பகுதி காற்றின் பக்கத்தில் இருக்கிறது, ஏனெனில் காற்று வெப்பத்தை ஏற்பதில் மிகவும் பலவீனமானது. கூலன்ட் பக்கத்தின் பங்கு மொத்தத் தடையில் ஐந்தில் ஒன்று என்று எடுத்துக்கொள்வோம். வெளிக்காற்று 40 டிகிரி, கூலன்ட் 115 டிகிரி எனில் வேறுபாடு 75 டிகிரி. சேர்மம் கூலன்ட் பக்கத்தின் வெப்பப் பரிமாற்றத்தை 20 சதவீதம் கூட்டினாலும் மொத்தத் தடை சுமார் 3 சதவீதம்தான் குறைகிறது. 75 என்பது 72.5 ஆகும். அதாவது இரண்டரை டிகிரி. அந்த 20 சதவீதம் நான் வேண்டுமென்றே உயர்த்தி எடுத்துக்கொண்ட எண், கொதிப்பில்லாத ஓட்டத்தில் ஈரமாக்கியால் அவ்வளவு கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. 10, 15 டிகிரி என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

அப்படியானால் அந்தப் பெரிய எண்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும், உறையாமல் காக்கச் சேர்க்கப்படும் கிளைக்கால் என்ற திரவத்தைக் கூலன்ட்டிலிருந்து நீக்குவதிலிருந்து வருகின்றன. உங்கள் காரில் இருப்பது அனேகமாகப் பாதி எத்திலீன் கிளைக்காலும் பாதி நீரும் கலந்த கலவை. அது சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, அரிப்பைத் தடுக்கும், கொதிநிலையை உயர்த்தும். ஆனால் வெப்பத்தைச் சுமக்கும் பணியில் அது நீருக்கு ஈடாகாது. எஞ்சின் இயங்கும் வெப்பநிலையில் ஒரு லிட்டர் கலவை, ஒரு லிட்டர் நீரைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவான வெப்பத்தையே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமக்கிறது. அதன் வெப்பக் கடத்துதிறன் நீருடையதில் ஏறக்குறைய 60 சதவீதம். அதன் பாகுத்தன்மையோ நீரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கலவையை வடித்துவிட்டு வெறும் நீரை நிரப்பும்போது கூலன்ட் பக்கத்தின் வெப்பப் பரிமாற்றம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகக்கூடும். மேலே போட்ட அதே கணக்கில் வைத்தால் 75 டிகிரி வேறுபாடு 68-க்கு அருகில் வரும்; ஆக, ஏழு டிகிரி. சேர்மத்தை விற்பவர்களின் சொந்த விளம்பர ஏடுகளிலும் வெறும் நீரோடு கலக்கும்போது பெரிய பலனும், பாதி கிளைக்கால் கலவையோடு கலக்கும்போது அதைவிடச் சிறிய பலனுமே காட்டப்படுகின்றன. இதற்கும் காரணம் இருக்கிறது: கிளைக்காலின் பரப்பு இழுவிசை இயல்பாகவே நீரைவிடக் குறைவு, ஆகவே கலவையில் ஈரமாக்கி செய்வதற்கு மிச்சம் இருக்கும் வேலை குறைவு. கிளைக்காலை வடித்து, நீரை ஊற்றி, கூடவே ஒரு குப்பிச் சேர்மத்தையும் விட்டவர், கிடைத்த குறைவு முழுவதையும் குப்பியின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

நேர்மையாகவே அனுபவத்தைச் சொல்பவர்களிடமும் வேறு சில மயக்கங்கள் கலந்துவிடுகின்றன. ரேடியேட்டருக்குப் போகும் கூலன்ட்டின் அளவை வெப்பநிலைக்கேற்பக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் முழுவதும் திறந்த நிலையில், வெளிக்காற்று ஐந்து டிகிரி குளிர்ந்தால் கூலன்ட்டும் ஏறத்தாழ ஐந்து டிகிரி குளிரும். ஆகவே வெயில் வேளையில் ஓட்டியதையும் மாலையில் ஓட்டியதையும் ஒப்பிட்டால் எந்தக் குப்பியும் வேலை செய்தது போலவே தோன்றும். சேர்மம் ஊற்றுவதற்காகப் பழைய கூலன்ட்டை வடித்துப் புதிதாக நிரப்பி, காற்றுக்குமிழிகளை முறையாக வெளியேற்றினால், அந்த வேலையே முன்பிருந்த கோளாற்றைச் சரிசெய்திருக்கக்கூடும். பல கார்களில் டாஷ்போர்டு முள் உண்மையான வெப்பநிலையைக் காட்டுவதுமில்லை. அது 80 முதல் 105 டிகிரி போன்ற ஓர் அகன்ற வீச்சுக்குள் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. முள் அசையவில்லை என்பதும் முள் இறங்கியது என்பதும் சான்றாகா. எஞ்சின் கணினியின் கண்டறிதல் இணைப்பிலிருந்து எடுக்கும் எண்ணே ஒப்பீட்டுக்கு உதவும்.

தெர்மோஸ்டாட் இன்னும் முழுவதும் திறக்காத நிலையில், அதாவது சாதாரணச் சாலை ஓட்டத்தில், எந்தச் சேர்மமும் எண்ணைக் குறைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரேடியேட்டரின் திறன் கூடினால் தெர்மோஸ்டாட் சற்றே மூடிக்கொண்டு, தனக்கு விதிக்கப்பட்ட வெப்பநிலையைக் காப்பாற்றும். அதன் பணியே அதுதான்.

இதுவரை சொன்னவற்றில் ரேடியேட்டரில் கொதிப்பு இல்லை என்பதும், தடையின் பெரும்பகுதி காற்றுப் பக்கத்தில் என்பதும், நீர் கிளைக்காலைவிடச் சிறந்த வெப்ப ஊடகம் என்பதும் உறுதியானவை. உலோகத்தின் மிகச் சூடான இடங்களில் சேர்மம் தரும் பலனைப் பற்றி அதே உறுதியோடு பேச முடியாது. ஈரமாக்கி கலந்த நீரில் கொதிப்பின்போது வெப்பப் பரிமாற்றம் கூடுவதும் உண்டு, குறைவதும் உண்டு. எந்த ஈரமாக்கி, எவ்வளவு செறிவு, பரப்பு எப்படிப்பட்டது, ஓட்டம் எவ்வளவு வேகம் என்பவற்றைப் பொறுத்து முடிவு மாறுகிறது. கொதிப்பு நடக்கும் இடத்தின் உலோக வெப்பநிலையை அளக்க வேண்டுமானால் சிலிண்டர் ஹெட்டைத் துளைத்து, எரியறைக்கு மிக அருகில் உணரிகளைப் பதிக்க வேண்டும். அப்படி அளக்காமல், கூலன்ட் எண்ணை மட்டும் பார்த்து, உங்கள் எஞ்சினில் அது பலன் தருகிறது என்றோ தரவில்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். அந்தப் பலன் நாக்கிங் எனப்படும் முறையற்ற எரிதலைச் சற்றே தள்ளிப்போடும் என்று எதிர்பார்ப்பது நியாயமானது, அவ்வளவே.

கேடு வருமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். தரமான சேர்மத்தை, குப்பியில் சொன்ன அளவில், உங்கள் கூலன்ட்டுக்கு ஒத்துவரும் என்று அதைத் தயாரித்தவர் எழுத்தில் உறுதிசெய்திருந்தால், கலப்பதால் எஞ்சின் கெட்டுவிடாது. ஆனால் கூலன்ட்டுக்குள் இருக்கும் அரிப்புத் தடுப்பு முறைகள் பல வகைப்படும்: சிலிக்கேட் சார்ந்தவை, கரிம அமிலம் சார்ந்தவை, இரண்டும் கலந்தவை என்று உண்டு. ஒன்றோடு ஒன்று ஒவ்வாதவை சேர்ந்தால் தடுப்புச்சரக்கு தன் வலுவை இழக்கலாம், சில நேரம் கூழ்போலத் திரண்டு ரேடியேட்டரின் குறுகிய குழாய்களை அடைத்துவிடலாம். அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் நுரை உண்டாகி, நுரை வாட்டர் பம்புக்குள் போய், ஓட்டத்தையே குறைத்துவிடும். நுரை கலந்த கூலன்ட் எதையும் குளிர்விக்காது. இவற்றோடு கசிவை அடைக்கும் சேர்மங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை ஓட்டைகளை அடைக்கும் அதே இயல்பால் ரேடியேட்டர் குழாய்களையும் அடைக்கக்கூடியவை. வேகமாக ஓட்டும் காரில் அவற்றுக்கு இடமில்லை.

வெறும் நீரும் சேர்மமும் என்ற வழி, பந்தயத் தடத்தில் வேறொரு காரணத்துக்காகவே வழக்கமானது. கிளைக்கால் தரையில் சிந்தினால் வழுக்கும், எளிதில் காயாது. அதனால் பல தடங்களும் பந்தய விதிகளும் அதைத் தடைசெய்கின்றன. உங்கள் தடத்தின் விதி அப்படி இருந்தால் நீங்கள் நீரைத்தான் பயன்படுத்த வேண்டும், அப்போது அரிப்பைத் தடுப்பதற்காகவாவது சேர்மம் தேவைப்படும். அதற்கு வாலைவடித்த நீர் அல்லது அயனி நீக்கிய நீரையே எடுங்கள். கடின நீர் விட்டுச்செல்லும் சுண்ணப் படிவு மிக மெல்லியதாக இருந்தாலும் சூடான உலோகத்தில் வெப்பத்தைத் தடுத்துவிடும், அதன்பின் எந்தச் சேர்மமும் உதவாது. உறைபனி வரக்கூடிய இடத்தில் காரை நிறுத்துவதாக இருந்தால், அதற்குமுன் நீரை மாற்றியாக வேண்டும். உறையும் நீர் சுமார் 9 சதவீதம் விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 1 பார் அழுத்தம் தாங்கும் மூடியின்கீழ் பாதிக் கலவை சுமார் 129 டிகிரியிலும், வெறும் நீர் சுமார் 120 டிகிரியிலும் கொதிக்கும். ஏழு டிகிரி குளிர்ச்சியைப் பெறுவதற்காக ஒன்பது டிகிரி கொதிநிலையை விட்டுக்கொடுக்கிறீர்கள். இது எல்லோருக்கும் இலாபமான பேரம் அன்று. இதற்கு நேர் எதிரான கோடியில், நீரே கலக்காத கிளைக்கால் கூலன்ட்டுகள் இருக்கின்றன; அவற்றின் கொதிநிலை 180 டிகிரிக்கும் மேல், ஆனால் அவை வெப்பத்தைக் குறைவாகவே சுமப்பதால் மீட்டரின் எண் ஏறத்தான் செய்யும். கொதிப்பைத் தள்ளிப்போடுவதும் குளிர்விப்பதும் வெவ்வேறு வேலைகள்.

உங்கள் 115 டிகிரியைப் பற்றி: பாதிக் கலவையும் பழுதில்லாத மூடியும் இருக்குமானால் அது கொதிநிலைக்குக் கீழேதான் இருக்கிறது. இன்றைய பல எஞ்சின்கள் எரிபொருள் சிக்கனத்துக்காக மென்மையான ஓட்டத்தில் வேண்டுமென்றே 105 டிகிரி வாக்கில் ஓடி, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் மின்சாரம் சூடாக்கும் தெர்மோஸ்டாட்டின் உதவியால் 90 டிகிரிக்கு அருகில் இறங்கும்படி அமைக்கப்பட்டவை. முழுச் சுமையில் 115 என்பது இறங்க வேண்டிய நேரத்தில் இறங்க முடியவில்லை என்பதைக் காட்டுகிறது. இழுப்பு குறைவது பழுதன்று. கணினி, எஞ்சினைக் காப்பாற்ற ஸ்பார்க்கின் நேரத்தைப் பின்தள்ளுகிறது, சில கார்களில் டர்போவின் அழுத்தத்தையும் குறைக்கிறது. ஆனால் அது கூலன்ட்டை மட்டும் பார்த்து அப்படிச் செய்வதில்லை. எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையையும் எண்ணெயின் வெப்பநிலையையும் பார்க்கிறது. டர்போ காரில் சில சுற்றுகளுக்குப் பிறகு இழுப்பு போவதற்கு டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறிப்போவது கூலன்ட்டைவிட வாய்ப்பு மிகுந்த காரணம். இந்த மூன்று எண்களையும் ஒரே ஓட்டத்தில் பதிவு செய்யாமல் குப்பியை வாங்குவது, நோயை அறியாமல் மருந்து வாங்குவதாகும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் பணம் செலவாகாத இடங்களில் தேடுவேன். ரேடியேட்டர் மூடியை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்துங்கள்; அழுத்தம் பிடிக்காத மூடி, கொதிநிலையை அப்படியே தாழ்த்திவிடும், வாட்டர் பம்பின் வாயில் குமிழிகளையும் உண்டாக்கும். பிறகு காரின் முன்பக்கத்தைப் பாருங்கள். இன்டர்கூலர், ஏசியின் கன்டென்சர், சில கார்களில் எண்ணெய்க் குளிர்விப்பான், இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் ரேடியேட்டர் நிற்கிறது. முன்னால் உள்ளவை காற்றைச் சூடாக்கியே பின்னால் அனுப்புகின்றன. இடையிடையே பூச்சியும் தூசும் ரப்பர்த் துகளும் அடைந்துகிடக்கின்றன. அவற்றைக் கழற்றி, மென்மையான நீர்த்தாரையால் பின்னிருந்து முன்னாகக் கழுவி, வளைந்த தகடுகளை நிமிர்த்துங்கள். அடுத்து, பம்பரின் வாயில் நுழையும் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடாமல் பக்கங்களிலும் மேலும் கீழும் உள்ள இடைவெளிகளை நுரைப்பட்டையாலும் தகட்டாலும் அடையுங்கள். காற்றுக்குச் சுலபமான வழி ஒன்று கிடைத்தால் அது அடர்த்தியான ரேடியேட்டர் வழியாகப் போகாது. பெரிய ரேடியேட்டர் வாங்கியும் பலன் இல்லை என்று வருபவர்களின் கார்களில் நான் பெரும்பாலும் கண்டது இந்த இடைவெளிகளைத்தான், ஆகவே இதை வற்புறுத்திச் சொல்கிறேன். காற்று உள்ளே வர எவ்வளவு வழி வேண்டுமோ, அது போனட்டின் அடியிலிருந்து வெளியேறவும் அவ்வளவு வழி வேண்டும்.

மின்விசிறியை இதில் பெரிதாக நம்ப வேண்டாம். கார் நல்ல வேகத்தில் ஓடும்போது காற்றோட்டத்தைத் தருவது காரின் வேகமே. நின்றுகொண்டிருக்கும்போது சூடேறி, ஓடும்போது குளிர்ந்தால்தான் விசிறியைச் சந்தேகிக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்ற அறிவுரையையும் தள்ளிவிடுங்கள். பல எஞ்சின்களில் அதை நீக்கினால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பக்கவழியிலேயே சுற்றும். எஞ்சின் வேண்டிய சூட்டை அடையாமல் தேய்மானமும் கூடும். இவையெல்லாம் சரியாக இருந்தும் எண் இறங்கவில்லை என்றால், சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் வழியாக எரியறையின் வாயு கூலன்ட்டுக்குள் கசிகிறதா என்று, நிறம் மாறும் சோதனைத் திரவத்தைக் கொண்டு பார்த்துவிட வேண்டும். அதிலும் குறையில்லை என்றால் உங்கள் ரேடியேட்டரின் கொள்திறன் போதவில்லை என்று பொருள். அப்போது செலவழிக்க வேண்டியது தடித்த ரேடியேட்டருக்கும் தனி எண்ணெய்க் குளிர்விப்பானுக்கும். அதுவரை, ஒரு கியர் மேலே போட்டுச் சுழல்வேகத்தைக் குறைத்து ஓட்டுவதும், சில சுற்றுகளுக்கு ஒருமுறை மெதுவான ஒரு சுற்று விடுவதும் எந்தக் குப்பியைவிடவும் மிகுதியாக எண்ணை இறக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சேர்மத்தைப் பயன்படுத்திப் பார்க்க விரும்பினால் தடையில்லை, ஆனால் அதை மட்டும் மாற்றுங்கள். முதலில் புதுக் கூலன்ட்டை நிரப்பி, காற்றை வெளியேற்றி, சேர்மம் இல்லாமல் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே மூடியைத் திறந்து, குறிப்பிட்ட அளவு சேர்மத்தை ஊற்றி, அதே தடத்தில், வெளிக்காற்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, அதே வேகத்தில் மீண்டும் ஓட்டுங்கள். இரண்டு ஓட்டங்களிலும் கூலன்ட் வெப்பநிலையிலிருந்து வெளிக்காற்றின் வெப்பநிலையைக் கழித்து, மிஞ்சும் எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். வேறுபாடு இரண்டு டிகிரிக்குள் இருந்தால் அது சேர்மத்தால் வந்ததா, நீங்கள் ஓட்டிய விதத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. ஐந்து டிகிரிக்கு மேல் இருந்தால், தயவுசெய்து அந்தப் பதிவுகளை இங்கே இடுங்கள். என் கணக்கில் எங்கே பிழை என்று பார்க்க நான் உண்மையாகவே விரும்புவேன்.